எங்கள் வீட்டு மஞ்சள் அட்டை

ஜனவரி 18, வியாழன்

மருந்துக் கம்பெனிக்காரர் கொடுத்துவிட்டுப் போன டைரி. போன வருஷம் கொடுத்ததில் மார்கழிக் கோலம்தான் வரைந்து வைத்திருந்தேன். இந்த வருஷமாவது எழுதுவோம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் ஊர்க் குடும்ப மருத்துவமனைக்குப் புது டாக்டர் வந்து இரண்டு மாதம் ஆகிறது. பெயர் ஹெப்சிபா, தஞ்சாவூர்ப் பக்கம். முப்பது வயது இருந்தால் அதிகம். ஊர்க் கமிட்டி நடத்துகிற ஆஸ்பத்திரி இது. செவ்வாய்க்கிழமை சுகரும் பிரஷரும். புதன் தடுப்பூசி, கர்ப்பிணிகள். வெள்ளி புண் கட்டுவது, பிறகு வீடு வீடாகப் போவது. சனிக்கிழமை பல் டாக்டர் வருவார், வந்தால். இத்தனைக்கும் நர்ஸ் நான் ஒருத்திதான், சண்முகவடிவு, பத்தொன்பது வருஷமாக.

டாக்டர் வந்ததும் வராததுமாக மஞ்சள் அட்டை அடித்துவிட்டார். வீட்டுக்கு ஓர் அட்டை, ஆளுக்கு ஒரு பக்கம். நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கெல்லாம் மாதம் ஒரு தடவை பிரஷர் பார்த்து அந்தப் பக்கத்தில் எழுத வேண்டும். வராதவர்கள் வீட்டுக்கு நான் மிஷினைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். அந்த மாதத்து அளவு எழுதியிருந்தால்தான் மாத்திரை. "பாக்காம குடுத்தா அது மருந்து இல்லக்கா" என்கிறார். நானூற்றுப் பன்னிரண்டு வீடு! என் முட்டி வலிக்கு யார் அட்டை போடுவது என்று கேட்டேன். விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்தால் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி இருக்கிறார்.

ஜனவரி 21, ஞாயிறு

ஊருக்கெல்லாம் அட்டை போட்டாயிற்று, நம் வீட்டு அட்டைதான் காலி. இன்று இவருக்குக் கல்யாண வேலை இல்லை, பிடித்துக்கொண்டேன்.

இவர் என்றால் என் வீட்டுக்காரர், ஆறுமுகநயினார். எங்கள் பக்கம் கல்யாணச் சமையல்காரரைத் தவசிப்பிள்ளை என்போம். இவர் வைக்கிற தேங்காய்ப்பால் சொதிக்காகவே தூத்துக்குடியிலிருந்து ஆள் வரும். கொதிக்கிற சோற்றுப் பானையை ஒற்றை ஆளாக இறக்குகிற மனுஷன், ஊசியைப் பார்த்தால் கொல்லைப்புறமாக ஓடுவார். காப்பி போட்டுக் கொடுத்து, கெஞ்சிக் கூத்தாடிக் கையில் பட்டையைக் கட்டினேன்.

168/102.

மிஷின் கோளாறோ என்று என் கையில் கட்டிப் பார்த்தேன். எனக்குச் சரியாகக் காட்டியது. மறுபடி அவருக்குக் கட்டினேன். அதே 168.

"ஏட்டி வடிவு, இத வெளிய சொல்லிராத. சமையக்காரனுக்குப் பிரஷருன்னா உப்புப் பாக்க மாட்டான்னு அர்த்தம். உப்புப் பாக்காதவன நம்பி எவன் கல்யாணத்தக் குடுப்பான்?"

"மாத்திர போடணுங்க. விளையாட்டு இல்ல."

"நீ தந்தா முழுங்குதேன். ஆனா இந்தப் பட்டைய இனிமே எங்கையில கட்டப்படாது. கட்டுனாலே சீக்காளி ஆயிட்ட மாதிரி நெஞ்சு அடிச்சுக்கிடுது."

எங்கள் வீட்டு அட்டையில் எழுதிய முதல் அளவு இதுதான்.

ஜனவரி 22, திங்கள்

டாக்டரிடம் காட்டினேன். காலையில் ஒன்று போடச் சொல்லி ஒரு சின்ன மாத்திரை எழுதினார். "இது ஆரம்பம்தான்க்கா. ஒரு மாசம் கழிச்சு என்ன அளவுன்னு பாத்துட்டு, குறையலைன்னா கூட்டுவோம்" என்றார். விஷயம் வெளியே போகாது என்று அவராகவே சொன்னார்.

பிப்ரவரி 20, செவ்வாய்

இன்று நாற்பத்து மூன்று பேர். எங்கள் ஊர்ப் பெண்கள் பீடித் தட்டோடுதான் ஆஸ்பத்திரிக்கு வருவார்கள். காத்திருக்கிற நேரத்தில் நூறு பீடி சுற்றிவிடுவார்கள். வராந்தா முழுக்கப் புகையிலைத் தூள், டாக்டருக்குத் தும்மல். இசக்கியம்மா மதினி, "டாக்டரம்மா, நீங்க தும்முத தும்மலுக்கு ஒரு அட்டை போடுங்க" என்று சொல்ல, ஒரே சிரிப்பு.

நம் வீட்டு அட்டைக்கும் இன்று தவணை. 140/90 எழுதினேன். டாக்டருக்குச் சந்தோஷம், "பாத்தீங்களா, ஒரு மாத்திரைக்கே கேக்குது" என்றார். அதே மாத்திரை இன்னும் ஒரு மாதத்துக்கு.

இவர் ஞாயிற்றுக்கிழமை தூத்துக்குடிக் கல்யாணத்துக்குப் போனவர். வியாழன்தான் வருவார்.

மார்ச் 19, செவ்வாய்

நம் வீட்டு அட்டை: 134/86.

நேற்றும் கேட்டுப் பார்த்தேன். "வேற சோலி இல்லையாட்டி ஒனக்கு" என்று கையை இடுக்கிக்கொண்டு படுத்துவிட்டார். இதற்குப் போய் டாக்டரிடம் என்ன சொல்ல? ஊரில் உள்ளவர்கள் கையையெல்லாம் பிடிக்கிறேன், என் புருஷன் எனக்குக் கையைத் தரமாட்டேன் என்கிறான் என்று சொல்ல முடியுமா? பத்தொன்பது வருஷம் நோயாளி முகத்தைப் பார்த்தவள் நான். மாத்திரை தவறாமல் என் கையால்தான் கொடுக்கிறேன். முகம் நன்றாகத்தான் இருக்கிறது. சாப்பாடு, தூக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது. அளவு குறையாமல் எங்கே போகும்?

ஏப்ரல் 16, செவ்வாய்

130/80.

அட்டைத் திட்டத்தைப் பற்றிக் கமிட்டிக்குச் சொல்ல வேண்டியிருந்ததாம். நம்பிராஜன் அண்ணாச்சிதான் தலைவர். அவர் முன்னால் டாக்டர் நம் வீட்டு அட்டையைத்தான் எடுத்துக் காட்டினாராம், பெயரை மறைத்து. நூற்று அறுபத்தெட்டில் இருந்தவர் மூன்றே மாதத்தில் நூற்று முப்பது என்று. என்னிடம் வந்து சொன்னபோது முகமெல்லாம் பூரிப்பு. நான் காப்பித் தம்ளரைக் கழுவப் போய்விட்டேன். அடுத்த மாதம் கட்டாயம் பட்டையைக் கட்டிவிட வேண்டும்.

மே 21, செவ்வாய்

130/82. வெயில் மண்டையைப் பிளக்கிறது. இவருக்குத் தலைவலி. அடுப்புச் சூடு என்கிறார்.

ஜூன் 18, செவ்வாய்

128/80.

ஆனி பிறந்தாயிற்று, வரிசையாகக் கல்யாணம். ராத்திரி ஈரத் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு படுக்கிறார். "ஒரே ஒரு தடவ பாத்துரலாங்க" என்று கெஞ்சினேன். "ஆடி பொறக்கட்டும். ஆடியில எனக்கு என்ன வேல? ஒம் மடியில கையப் போட்டுட்டுப் படுத்துக்கிடுதேன், நாள் பூரா பாரு" என்று சிரித்தார். ஆடிக்கு இன்னும் ஒரு மாதம்தான்.

ஜூலை 5, வெள்ளி

எழுதக் கை வரவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

காலை பத்து மணிக்கு நம் ஊர் மண்டபத்தில் முதல் பந்திக்கு முன்னால் சொதியில் உப்புப் பார்க்கக் கரண்டியை எடுத்திருக்கிறார். கரண்டி கையிலிருந்து நழுவி விழுந்திருக்கிறது. குனிந்து எடுக்கப் போனவர் எடுக்கவில்லை. கூட வேலை செய்கிறவர்கள் கேட்டதற்கு ஏதோ சொல்ல வாயைத் திறந்தாராம், வார்த்தையாக வரவில்லையாம். லோடு ஆட்டோவில் போட்டு எங்கள் ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுவந்தார்கள்.

நான்தான் பட்டையைக் கட்டினேன். கையை இழுக்கவில்லை.

"எவ்வளவுக்கா?" என்று டாக்டர் கேட்டார்.

"எரநூத்திப் பத்து. கீழ நூத்தி இருவது."

டாக்டர் என்னை ஒருமாதிரி பார்த்தார். நான் தப்பாகப் பார்த்திருப்பேன் என்று நினைத்து அவரே ஒரு தடவை பார்த்தார். அவருக்கும் அதேதான் வந்தது.

ஜூலை 8, திங்கள்

பெரிய ஆஸ்பத்திரி. மூளையில் ரத்தக் கசிவு. வலது கை, வலது கால் விளங்கவில்லை. பேச்சு இல்லை. கண் திறந்திருக்கிறது, என்னைத் தெரிகிறது. கூப்பிடப் பார்க்கிறார், "வ... வ..." என்று நின்றுவிடுகிறது. முருகா, இதை நான் எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஜூலை 11, வியாழன்

டாக்டர் ஹெப்சிபா இரண்டு பஸ் மாறிப் பார்க்க வந்திருந்தார். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு என்னை வெளியே கூட்டிப்போனார்.

"நூத்தி முப்பது, நூத்தி இருவத்தெட்டுன்னு இருந்துச்சேக்கா. போன மாசம்கூடப் பாத்தோம். எதை நான் கவனிக்காம விட்டேன்னு தெரியல. ராத்திரியெல்லாம் அதான் ஓடுது."

கண் கலங்கியிருந்தது. சொல்லிவிடப் பார்த்தேன். அந்த நேரத்தில் வார்டில் யாரோ கூப்பிட்ட மாதிரி இருந்தது. போய்விட்டேன். யாரும் கூப்பிட்டிருக்கவில்லை.

ஜூலை 24, புதன்

வீட்டுக்குக் கொண்டுவந்து மூன்று நாள். மகள் கோமதி திருப்பூரிலிருந்து வந்து பத்து நாள் கூட இருந்தாள். இன்று கிளம்பிவிட்டாள், பிள்ளைக்குப் பள்ளிக்கூடம். வாசலில் என்னைக் கட்டிக்கொண்டு, "நீ நர்ஸா இருக்கப் போயித்தாம்மா அப்பா இந்த மட்டுக்கும் தப்பிச்சாங்க" என்று அழுதாள். நானும் அழுதேன். என் அழுகை எதற்கென்று அவளுக்குத் தெரியாது.

கஞ்சியை ஸ்பூனால் ஊட்டுகிறேன். உப்புப் போடவில்லை. ஒரு வாய் வாங்கியதும் என்னை ஏறிட்டுப் பார்த்தார். சமையல்காரருக்குத் தெரியாதா? இரண்டாவது வாய்க்குத் திறக்கவே இல்லை.

ஜூலை 30, செவ்வாய்

இன்று வேலைக்குப் போனேன். நான் வரும்வரை பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்த்துக்கொள்கிறார்கள்.

நாற்பது பேர் வருகிற நாளில் பதினோரு பேர்தான் வந்தார்கள். மத்தியானம் இசக்கியம்மா மதினி வீட்டுக்குப் போனேன். சுவரில் சாய்ந்து பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். மூன்று வாரமாக மாத்திரை போடவில்லையாம். பார்த்தேன், 196/110.

"என்ன மதினி இது? ஏன் நிறுத்துனிய?"

"ஏட்டி, ஒன் வீட்டுக்காரரும் அந்த மாத்திரையத்தான முழுங்குனாவ? டாக்டரம்மா குடுத்த மாத்திரையிலதான் மூளையில ரத்தம் ஒடஞ்சிட்டுன்னு ஊரே பேசுது. ஆசாரிமார் தெருவுல எல்லாரும் நிறுத்திட்டாவ. நர்ஸு வீட்டுக்கே இந்தக் கதின்னா நாங்க எம்மாத்திரம்?"

"அது மாத்திரையால இல்ல மதினி."

"பெறகு எதால?"

மூஞ்சிக்கு நேராகக் கேட்டாள். "போடுங்க மதினி, சொன்னாக் கேளுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். அவள் போடமாட்டாள்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

டாக்டர் வேலையை விடுகிறார். மாதக் கடைசி வரைதான் இருப்பாராம். கடிதத்தை எழுதி மேஜை மேல் வைத்திருந்தார். பக்கத்தில் எங்கள் வீட்டு மஞ்சள் அட்டை. அதைத் தினமும் எடுத்துப் பார்க்கிறார் போல, ஓரமெல்லாம் மடங்கிவிட்டது.

"என் கணக்கு எங்கயோ தப்பிருக்கு. எங்கன்னு தெரியாம இன்னொருத்தருக்கு எப்படிக்கா மருந்து எழுதுவேன்?"

எழுதிவிடுகிறேன். இங்கேயாவது எழுதிவிடுகிறேன். பிப்ரவரி, மார்ச், ஏப்ரல், மே, ஜூன். ஐந்து மாதமும் நான் இவருக்குப் பிரஷர் பார்க்கவே இல்லை. ஐந்தும் நானாக எழுதியது. முதல் மாதம் மாத்திரை நின்றுவிடக் கூடாதே என்று எழுதினேன். அடுத்த மாதம் போன மாதத்தை விடக் கொஞ்சம் குறைத்து எழுதினால்தானே நன்றாக இருக்கும் என்று எழுதினேன். பிறகு டாக்டர் சந்தோஷப்படுகிறாரே என்று எழுதினேன். இவர் ஒருநாள்கூட மாத்திரையை விடவில்லை. நான் நீட்டிய கையிலிருந்து பிள்ளை மாதிரி வாங்கி விழுங்கினார். கூட்ட வேண்டிய மாத்திரையைக் கூட்டவிடாமல் செய்தவள் நான். பாவி நான்.

ஆகஸ்ட் 5, திங்கள்

சொல்லிவிட்டேன்.

கதவைச் சாத்திவிட்டு, நின்றபடியே சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அறைந்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். அட்டையை எடுத்து ஐந்து வரியையும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

"கையக் குடுக்க மாட்டேங்கறார்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா. நான் வீட்டுக்கு வந்திருப்பேனே. எனக்குன்னா குடுத்திருப்பாரே."

அவ்வளவுதான் கேட்டார். குடுத்திருப்பார்தான். டாக்டர் வந்தால் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு பவ்வியமாக உட்கார்ந்திருப்பார். இது எனக்கு ஏன் தோன்றவில்லை? தோன்றாமலா இருந்தது? என் வீட்டுக்கு இன்னொருத்தி வந்து பார்ப்பதா, அப்புறம் நான் என்ன நர்ஸ் என்று வீம்பு.

அட்டையை என் பக்கம் தள்ளினார். ஐந்து வரியையும் அடிக்கச் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் "பார்க்கவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். ஐந்தாவது கையெழுத்து என் கையெழுத்து மாதிரியே இல்லை.

ஆகஸ்ட் 9, வெள்ளி

கமிட்டியில் கூப்பிட்டு விசாரித்தார்கள். அட்டையை வைத்து நடந்ததைச் சொன்னேன். டாக்டர் ஓரமாக உட்கார்ந்திருந்தார். நம்பிராஜன் அண்ணாச்சி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மூடி வைத்தார்.

"ஏ வடிவு, நடந்தது நடந்துபோச்சு. நீ நம்ம ஊருப் பொம்பள. புருஷன் வேற இப்பிடிக் கெடக்கான். ஒன்ன வெளிய அனுப்ப எங்களுக்கு மனசு வரல. அந்தப் பிள்ள வெளியூரு, படிச்ச பிள்ள, நாளைக்கே வேற எடத்துல சேந்துக்கிடும். இந்த அட்டை விவகாரம் இந்த நாலு செவத்துக்குள்ளயே இருக்கட்டும்."

"அப்ப ஊரு டாக்டரத்தான அண்ணாச்சி சொல்லும்?"

"ஊரு நாலு நாளு பேசும். மறந்துரும்."

வெளியே வந்ததும் டாக்டர், "அவங்க சொல்றதும் சரிதான்க்கா. உங்களுக்கு இந்த ஊரை விட்டா வேற ஊர் இல்ல" என்றார். என்னைக் காப்பாற்றுகிறாராம், இந்தப் பிள்ளை! வெட்கமாக இருந்தது. நடுத்தெருவில் அவர் காலில் விழப் போனேன். பிடித்துக்கொண்டார்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

ஒன்பது பேர். இசக்கியம்மா மதினி வரவில்லை. ஆசாரிமார் தெருவில் ஒருத்தருக்கு நேற்று மயக்கம், மாத்திரையை விட்டவர்தான். பிழைத்துக்கொண்டார்.

இன்னும் யாருக்காவது இவர் மாதிரி ஆனால் அதுவும் என் கணக்கில்தான் வரும். ஆகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருக்கப் போகிறேனா?

ஆகஸ்ட் 16, வெள்ளி

நாளை சனிக்கிழமை. சுற்றிய பீடியைக் கொடுக்க ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் பீடிக் கடையில் இருப்பார்கள், அங்கே போய் எல்லாரிடமும் சொல்லிவிடப் போகிறேன். முதலில் இவரிடம் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்து வாயைத் திறந்தேன். இவர் இடது கையால் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "வ... வடி..." என்றார். பேச்சு விழுந்ததிலிருந்து இன்றுதான் இவ்வளவு வந்திருக்கிறது. சொல்ல முடியவில்லை.

ஆகஸ்ட் 17, சனி

பதினோரு மணிக்குப் பீடிக் கடைக்குப் போனேன். சுற்றிய பீடியை ஒப்படைத்துவிட்டு இலை வாங்க வரிசை நின்றது, அறுபது பேருக்குக் குறையாது. படியில் ஏறி நின்றேன். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை, தூணைப் பிடித்துக்கொண்டேன்.

"எல்லாரும் செத்த நேரம் கேளுங்க. எங்க வீட்டுக்காரருக்கு மாத்திரையால ஒண்ணும் வரல. டாக்டரம்மா மேல ஒரு தப்பும் கெடையாது. அஞ்சு மாசம் அவியளுக்குப் பாக்காமலே பாத்ததா அட்டையில எழுதுனேன். நல்லா இருக்குன்னு நான் எழுதுனத நம்பித்தான் அந்தப் பிள்ள மாத்திரையக் கூட்டாம விட்டுது. கூட்டியிருந்தா இன்னைக்கு அவிய அடுப்படியில நின்னுருப்பாவ. நீங்க மாத்திரைய நிறுத்தாதீய. ஒங்களக் கையெடுத்துக் கும்புடுதேன்."

கடைக்காரர்கூட எண்ணுவதை நிறுத்திவிட்டார். யாரோ, "அடிப்பாவி" என்றாள். பின்னாலிருந்து இன்னொருத்தி கேட்டாள்:

"அப்ப எங்க வீட்டு அட்டையும் அப்பிடித்தானா?"

"இல்ல. சத்தியமா எங்க வீடு மட்டுந்தான். மத்த எல்லா வீட்டுக்கும் நானே நேர்ல போயிப் பாத்துத்தான் எழுதுனேன்."

அது உண்மை. மழையிலும் வெயிலிலும் படி படியாக ஏறி இறங்கினேன், ஒரு வீட்டையும் விடவில்லை. ஆனால் சத்தியம் என்று நான் சொன்னபோது என் காதுக்கே அது பொய் மாதிரிதான் கேட்டது. வரிசை மறுபடி நகர ஆரம்பித்தது.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

இவருக்குத் தெரிந்துவிட்டது. நேற்று நான் வீடு திரும்புவதற்குள் பார்க்க வந்த யாரோ சொல்லியிருக்கிறார்கள். நானே சொல்லியிருக்க வேண்டும், வெள்ளிக்கிழமையே. ஊருக்குச் சொன்னேன், கட்டினவருக்குச் சொல்லவில்லை.

முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். பக்கத்தில் போய், "நாந்தாங்க, எல்லாம் நாந்தான்" என்று அழுதேன். கண்ணை மூடிக்கொண்டார். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் தலையணையில் இறங்கியது. துடைக்கப் போனேன், தலையை அசைத்து வேண்டாம் என்றார். மாத்திரையைப் பக்கத்து வீட்டுக்காரி கையில் கொடுத்துக் கொடுக்கச் சொன்னேன். வாங்கிக்கொண்டார்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

ஐம்பத்திரண்டு பேர் வந்தார்கள். வராந்தா நிறையப் பீடித் தட்டு, டாக்டருக்கு மறுபடி தும்மல். ஒன்பது மணிக்கு வழக்கம் போல மிஷினை எடுத்து வைத்து, எதிரில் ஸ்டூலைப் போட்டு, "வாங்க" என்றேன். யாரும் எழுந்து வரவில்லை. ஒருத்தி டாக்டர் அறை வாசலில் போய் நின்றாள். அவள் பின்னால் இன்னொருத்தி. பத்து நிமிஷத்தில் வரிசை வாசல் வரை வந்துவிட்டது.

டாக்டர் எட்டிப் பார்த்தார், புரிந்துகொண்டார். வந்து மிஷினை எடுத்துக்கொண்டு போனார். ஐம்பத்திரண்டு பேருக்கும் அவரே பார்த்து அவரே எழுதினார். முடிய மூன்று மணி ஆயிற்று. நான் டோக்கன் கொடுத்தேன்.

இசக்கியம்மா மதினி போகும்போது என் பக்கத்தில் வந்து நின்றாள். "எனக்குக் கோவம் ஒண்ணும் இல்லட்டி. நீ படியில ஏறி நின்னு சொன்னியே, எவளுக்கு அந்தத் தைரியம் வரும்? ஆனா ஒங்கிட்ட நீட்டக் கை வரமாட்டேங்கு. நான் என்ன செய்ய?"

"சரி மதினி. மாத்திரைய விட்ராதீய" என்றேன்.

ஆகஸ்ட் 21, புதன்

டாக்டர் கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். போகவில்லை. அண்ணாச்சிக்கு என் மேல் கோபம், சொன்ன பேச்சைக் கேட்காமல் ஊரைக் கூட்டிவிட்டாள் என்று. இனிமேல் நர்ஸ் வேலை கிடையாதாம், வருகிறவர்களுக்கு ஓ.பி. சீட்டு எழுதலாமாம். எழுதுகிறேன். டாக்டர் இருக்கிறார், அது போதும்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

மத்தியானம் டாக்டர் எங்கள் வீட்டுக்கு வந்தார். இவர் எழுந்து உட்காரப் பார்த்தார். நான் பிடிக்கப் போகவில்லை, டாக்டரே முதுகுக்குத் தலையணை வைத்தார். இடது கையை இவராகவே நீட்டினார். 150/94. மாத்திரையை மாற்றி எழுதிக் கொடுத்துவிட்டு, "சாயங்காலம் ஒரு தடவை பாக்கணும்க்கா. எனக்குக் கேம்ப் இருக்கு. நீங்க பாத்து அட்டையில எழுதிருங்க" என்று மிஷினை என்னிடம் வைத்துவிட்டுப் போனார். என்னிடம்தான் கொடுத்துவிட்டுப் போனார். அதை நினைத்துக் கொஞ்ச நேரம் அடுப்படியில் நின்று அழுதேன்.

ஆறு மணிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பட்டையைப் பிரித்தேன்.

"ஏங்க, கையத் தாங்க."

இவர் என்னைப் பார்த்தார். ஏழு வாரமாக வார்த்தை இல்லாமல் பார்க்கிற பார்வையெல்லாம் எனக்குப் பழகிவிட்டது, இது வேறு. பிறகு இடது கையை மெதுவாக இழுத்துப் போர்வைக்குள் வைத்துக்கொண்டார்.

"டாக்டர் சொல்லிட்டுப் போயிருக்காவ. ஒரு தடவதாங்க."

தரவில்லை. ஏழு மணிக்குக் கேட்டேன், தரவில்லை. சாப்பாடு கொடுத்த பிறகும் கேட்டேன். முகம் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. நூற்று ஐம்பதுக்குப் பக்கத்தில்தான் இருக்கும்.

அட்டையை எடுத்துத் தேதி போட்டு, "பார்க்கவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.